ஆடவர் டென்னிசில் தலைமுறை மாற்றம்: இளம் வீரர்களும் உலகத் தரவரிசையும்

ஆடவர் தொழில்முறை டென்னிசில் இளம் வீரர்கள் உலகத் தரவரிசையில் ஏறி, நிலைபெற்ற சாம்பியன்களை முந்துவதைத் தலைமுறை மாற்றம் என்பர். ஓர் இளைஞர் முதல்நிலை வீரரை ஒரு நாள் தோற்கடிப்பது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடந்திருக்கிறது. அதே வீரரைத் தரவரிசையில் முந்துவது அரிதாகவே நடந்திருக்கிறது. வெற்றிக்கு ஒரு பிற்பகல் போதும். முந்துவதற்கு ஓராண்டு முழுவதும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தரைகளில், வாரந்தோறும் வெல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரே ஆண்டில் கடந்தவர்கள் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. விளையாட்டு வாழ்க்கை முழுவதும் முயன்றும் கடக்க முடியாதவர்களும் உண்டு. 1973 முதல் 2025 வரை அந்தத் தொலைவு எப்படிக் குறுகியது, எப்படி நீண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தரவரிசையின் தோற்றம்

1968-இல் தொழில்முறை வீரர்களும் அமெச்சூர் வீரர்களும் ஒரே போட்டியில் ஆட அனுமதிக்கப்பட்டனர். அன்று தொடங்கிய காலம் 'ஓப்பன் காலம்' எனப்படுகிறது. அப்போது உலகத் தரவரிசை என்பது பத்திரிகையாளர்களும் வல்லுநர்களும் தத்தம் கருத்துப்படி வெளியிட்ட பட்டியலாகவே இருந்தது. எந்தப் போட்டியில் யாரைச் சேர்ப்பது என்பதைப் போட்டி நடத்துவோரே முடிவு செய்தனர். பெயர் பெற்றவருக்கு இடம் எளிதில் கிடைத்தது. பெயர் பெறாத இளைஞர் நடத்துவோரின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

1972-இல் வீரர்கள் தங்களுக்கென ஏடிபி என்ற சங்கத்தை அமைத்தனர். 1973 ஆகஸ்டு 23 அன்று அச்சங்கம் கணினி வழியாகக் கணக்கிட்ட முதல் தரவரிசையை வெளியிட்டது. ருமேனியாவின் இலி நஸ்டாசே முதலிடம் பெற்றார். அன்று முதல், போட்டியில் சேரும் உரிமையை வீரரின் புகழுக்குப் பதிலாக அவர் சேர்த்த புள்ளிகள் தீர்மானித்தன. இளம் வீரர்களுக்கு இது பெரிய திருப்பம். வயதையும் நாட்டையும் பாராமல் ஒரே அளவுகோல் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அந்த ஆண்டில் எழுந்து வந்த இளைஞர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ். 1973 விம்பிள்டனில் அவர் காலிறுதி வரை சென்று, அவ்வாண்டு பட்டம் வென்ற யான் கோடெசிடம் ஐந்து செட்களில் தோற்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் 35 வயதான ராட் லேவரைத் தோற்கடித்தபோது விஜய்க்கு வயது 19. அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் ஆகிய மூன்று இளைஞர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கொண்டு, டென்னிசின் 'ஏ, பி, சி' என்று அன்றைய விளையாட்டு எழுத்தாளர்கள் எழுதினர். பின்னர் நடந்தது வேறு. கானர்ஸ் 1974-இலும் போர்க் 1977-இலும் முதலிடத்தை அடைந்தனர். அமிர்தராஜின் மிகச் சிறந்த ஒற்றையர் தரநிலை 1980-இல் கிடைத்த 18 ஆகும். 1974 அமெரிக்க ஓப்பனில் அவர் போர்க்கையே வென்றிருக்கிறார். ஆனால் தரவரிசை ஓராண்டின் மொத்தக் கணக்கைப் பார்ப்பது. தனி வெற்றிகளுக்குக் கூடுதல் எடை தருவதில்லை.

புள்ளிக் கணக்கு இயங்கும் முறை

தரவரிசையின் அடிப்படை 52 வாரங்கள். ஒரு போட்டியில் வீரர் பெறும் புள்ளிகள் 52 வாரங்கள் அவர் கணக்கில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே போட்டி நடக்கும்போது பழைய புள்ளிகள் நீங்கி, புதியவை சேரும். எனவே சென்ற ஆண்டு பட்டம் வென்றவர் இவ்வாண்டும் வென்றால்தான் இருந்த இடத்தில் இருப்பார். இதைப் 'புள்ளிகளைத் தக்கவைத்தல்' என்கிறார்கள்.

2024 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி, கிராண்ட் ஸ்லாம் போட்டி ஒன்றில் பட்டம் வெல்பவருக்கு 2,000 புள்ளிகள் கிடைக்கும். இறுதியாட்டத்தில் தோற்பவருக்கு 1,300, அரையிறுதியில் தோற்பவருக்கு 800, காலிறுதியில் தோற்பவருக்கு 400, முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு 10. சென்ற ஆண்டு பட்டம் வென்ற ஒரு சாம்பியனும், சென்ற ஆண்டு முதல் சுற்றில் தோற்ற ஓர் இளைஞரும் இவ்வாண்டு காலிறுதியில் வெளியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பெறுவது 400 புள்ளிகளே. ஆனால் சாம்பியனின் கணக்கில் 1,600 புள்ளிகள் குறையும். இளைஞரின் கணக்கில் 390 கூடும். இழக்க ஏதுமில்லாதவர் வேகமாக ஏறுவதும், எல்லாம் வென்றவர் ஒரே வாரத்தில் சரிவதும் இதனால்தான். 2003 விம்பிள்டனில், முந்தைய ஆண்டின் சாம்பியன் லெய்ட்டன் ஹெவிட், தகுதிச் சுற்றின் வழியே வந்து முதன்முறையாக அங்கு ஆடிய இவோ கார்லோவிச்சிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். ஓராண்டு காத்த புள்ளிகள் ஒரே பிற்பகலில் போயின.

கணக்கிடும் முறையும் பலமுறை மாறியிருக்கிறது. 1989 வரை மொத்தப் புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி கண்டனர். அதனால் முன்னணியில் இருந்தவர் குறைவாக ஆடித் தம் சராசரியைக் காத்துக்கொள்ள முடிந்தது. 1990-இல் ஏடிபி சுற்று தொடங்கியபோது, சிறந்த 14 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் முறை வந்தது. கூட்டல் முறையில் அதிகம் ஆடுபவருக்கு ஆதாயம் உண்டு. உடல் வலு மிக்க இளைஞருக்கு இது உதவியது.

தரவரிசை வெறும் பெருமைக்குரிய எண் அன்று. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் உள்ள 128 இடங்களில் 104 இடங்கள் தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படுகின்றன. எஞ்சியவற்றில் 16 தகுதிச் சுற்றில் வெல்பவர்களுக்கு, 8 சிறப்பு அழைப்பு பெறுபவர்களுக்கு. 95-ஆம் இடத்தில் இருப்பவர் ஆண்டுக்கு நான்கு முறை பெரும் பரிசுத் தொகைக்கு உரியவராகிறார். 130-ஆம் இடத்தில் இருப்பவர் மூன்று தகுதிச் சுற்றுகளை வென்றால்தான் அந்தக் களத்தில் நுழைய முடியும். பயிற்சியாளர் சம்பளம், விமானக் கட்டணம், விடுதிச் செலவு ஆகியவற்றைத் தம் கைப்பணத்தில் செலுத்தும் இளைஞருக்கு, நூறாம் இடத்தை ஒட்டிய அந்தக் கோடு பிழைப்பின் கோடாகவும் இருக்கிறது.

பதின்ம வயதினரின் காலம்

1974 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் 21 வயது ஜிம்மி கானர்ஸ், 39 வயது கென் ரோஸ்வாலை 6-1, 6-1, 6-4 என வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் அதே ரோஸ்வாலை 6-1, 6-0, 6-1 என வீழ்த்தினார். ஜூலை 1974 முதல் ஆகஸ்டு 1977 வரை தொடர்ந்து 160 வாரங்கள் கானர்ஸ் முதலிடத்தில் இருந்தார். தலைமுறை மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்த முதல் நிகழ்வு இது.

அதே 1974-இல் சுவீடனின் பியோர்ன் போர்க் 18 வயது நிறைந்த சில நாள்களில் பிரெஞ்சு ஓப்பன் பட்டம் வென்றார். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து விம்பிள்டன் பட்டங்களும் அவருடையவை. 1981-இல் அவரைவிட இரண்டரை வயது இளையவரான ஜான் மெக்கன்ரோ, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய இரண்டு இறுதியாட்டங்களிலும் அவரை வென்றார். 26 வயதில் போர்க் ஓய்வை அறிவித்தார். அன்றைய டென்னிசில் ஒரு சாம்பியனின் காலம் அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

1980-களில் பதினேழு வயதினர் மூவர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றனர். 1982 பிரெஞ்சு ஓப்பனில் மேட்ஸ் விலாண்டர், 1985 விம்பிள்டனில் போரிஸ் பெக்கர், 1989 பிரெஞ்சு ஓப்பனில் மைக்கேல் சாங். சாங் நான்காம் சுற்றில் அன்றைய முதல்நிலை வீரர் இவான் லெண்டிலைச் சந்தித்தார். முதல் இரண்டு செட்களை இழந்து, கால்தசைப் பிடிப்பால் நிற்கவே முடியாத நிலையில், கையைத் தாழ்த்தி ஒரு சர்வீஸ் போட்டு லெண்டிலைத் திகைக்க வைத்து, ஐந்தாவது செட்டில் வென்றார். டென்னிசில் இளமையின் துணிவுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படும் ஆட்டம் இது.

ஆனால் இந்த மூவரும் தரவரிசையில் எங்கே சென்றார்கள் என்று பார்த்தால் வேறு படம் கிடைக்கும். விலாண்டர் முதலிடத்தை அடைந்தது 1988 செப்டம்பரில். முதல் பட்டத்துக்கும் முதலிடத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெக்கர் 1991 ஜனவரியில், லெண்டிலை ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் வென்ற பிறகே முதலிடம் பெற்றார். அதற்கு ஐந்தரை ஆண்டுகள் ஆயின. சாங் இரண்டாம் இடம் வரை சென்றார். முதலிடத்தை ஒருநாளும் அடையவில்லை. 1990 அமெரிக்க ஓப்பனை 19 வயதில் வென்ற பீட் சாம்ப்ராஸுக்குக்கூட முதலிடம் 1993 ஏப்ரலில்தான் கிடைத்தது. இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்தவர் லெண்டில். அவர் முதலிடத்தில் இருந்தது மொத்தம் 270 வாரங்கள்.

ஒரு நாள் வெற்றிக்கும் ஓராண்டுக் கணக்குக்கும் உள்ள இடைவெளியை மற்றொரு சென்னை வீரரின் வாழ்விலும் காணலாம். ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் ஆகிய இரண்டு சிறுவர் பட்டங்களையும் வென்றவர். 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த விலாண்டரை நேர் செட்களில் வென்றார். ஆனால் அவருடைய மிகச் சிறந்த தரநிலை 1985-இல் அடைந்த 23 ஆகும்.

சாம்ப்ராஸுக்குப் பிந்தைய இடைவெளி

சாம்ப்ராஸ் 1993 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஆண்டிறுதி முதலிடம் பெற்றார். அவருடைய காலம் முடியும்போது மாற்றம் மிக வேகமாக நடந்தது. 2000 அமெரிக்க ஓப்பன் இறுதியில் 20 வயது மராட் சாஃபின் அவரை நேர் செட்களில் வென்றார். 2001 விம்பிள்டன் நான்காம் சுற்றில் 19 வயது ரோஜர் ஃபெடரர் அவரை ஐந்து செட்களில் வீழ்த்தி, அங்கு அவர் தொடர்ந்து பெற்றுவந்த 31 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இரண்டு மாதம் கழித்து அமெரிக்க ஓப்பன் இறுதியில் 20 வயது லெய்ட்டன் ஹெவிட் அவரை வென்றார். 2001 நவம்பரில் ஹெவிட் முதலிடத்தை அடைந்தபோது, அதுவரை அந்த இடத்தைப் பெற்றவர்களில் மிக இளையவர் ஆனார்.

மூத்தவர் திரும்பி வருவதற்கும் இக்காலத்தில் சான்று உண்டு. 1997 நவம்பரில் 141-ஆம் இடத்துக்குச் சரிந்த ஆன்ட்ரே அகாசி, அடுத்த நிலைப் போட்டிகளான சேலஞ்சர் தொடர்களில் ஆடி மீண்டும் ஏறி, 1999-இல் முதலிடத்தைப் பிடித்தார். 52 வாரக் கணக்கு பழைய பெருமையை மறந்துவிடும். பழைய சரிவையும் அவ்வாறே மறந்துவிடும்.

பதினெட்டு ஆண்டுச் சுவர்

2004 பிப்ரவரி 2 அன்று ஃபெடரர் முதலிடம் பெற்றார். அதிலிருந்து 2022 பிப்ரவரி இறுதிவரை அந்த இடத்தில் இருந்தவர்கள் நால்வர் மட்டுமே: ஃபெடரர், ரஃபேல் நடால், நோவாக் ஜோகோவிச், ஆண்டி மர்ரே. ஆடவர் டென்னிசில் இதற்கு முன் இவ்வளவு நீண்ட காலம் முதலிடம் ஒரு சிலரிடமே இருந்ததில்லை.

இந்த நால்வரும் தொடக்கத்தில் இளம் போட்டியாளர்களாக வந்தவர்களே. 2004 இறுதியில் 51-ஆம் இடத்தில் இருந்த நடால், 2005 பிரெஞ்சு ஓப்பனில் முதன்முறையாக ஆடி, தம் 19-ஆம் பிறந்தநாளன்று அரையிறுதியில் ஃபெடரரை வென்று, பட்டத்தையும் கைப்பற்றினார். ஜூலை 2005-இல் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அங்கே அவர் தொடர்ந்து 160 வாரங்கள் இருந்தார். அத்தனை காலமும் அவருக்கு மேலே இருந்தவர் ஃபெடரர் ஒருவரே. ஃபெடரரை நேருக்கு நேர் அடிக்கடி வென்ற ஒருவர் மூன்று ஆண்டுகள் இரண்டாம் இடத்திலேயே நின்றார். 2008-இல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டையும் வென்ற பின், அவ்வாண்டு ஆகஸ்டு 18 அன்றுதான் அவர் ஃபெடரரின் 237 வாரத் தொடர் ஆட்சியை முடித்தார். 2008-இல் 20 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற ஜோகோவிச், 2011 ஜூலை வரை முதலிடத்துக்குக் காத்திருந்தார்.

இவர்களுக்குப் பின் வந்தவர்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. 2005 பிரெஞ்சு ஓப்பன் முதல் 2020 ஆஸ்திரேலிய ஓப்பன் வரை நடந்த 60 கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் 55 பட்டங்களை இந்த நால்வரே வென்றனர். எஞ்சிய ஐந்தில் மூன்று ஸ்டான் வாவ்ரிங்காவுக்கும், ஒன்று மாரின் சிலிச்சுக்கும், ஒன்று யுவான் மார்ட்டின் டெல் போட்ரோவுக்கும் சென்றன. டெல் போட்ரோ 2009 அமெரிக்க ஓப்பனில் நடாலையும் ஃபெடரரையும் அடுத்தடுத்து வென்றபோது அவருக்கு வயது 20. அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்று பலரும் கருதினர். பின்னர் மணிக்கட்டுக் காயங்களும் அறுவை சிகிச்சைகளும் அவருடைய ஆண்டுகளை விழுங்கின.

1990-களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் இந்தச் சுவரின் முன் தம் இளமையைக் கழித்தார்கள். கிரிகோர் டிமிட்ரோவ், மிலோஸ் ராவ்னிச் போன்றோர் முதல் பத்து இடங்களுக்குள் வந்தனர்; அரையிறுதிகளையும் ஓரிரு இறுதியாட்டங்களையும் கண்டனர்; கிராண்ட் ஸ்லாம் பட்டம் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1990-களில் பிறந்த ஆடவர் ஒருவர் முதன்முறையாகக் கிராண்ட் ஸ்லாம் வென்றது 2020-இல்தான்.

சுவர் ஏன் நீடித்தது

இதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, போட்டித் தரநிலை முறை. முன்னணி வீரர்கள் தொடக்கச் சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்காதபடி அவர்களைப் பிரித்து வைப்பதே போட்டித் தரநிலை. 2001 விம்பிள்டன் முதல் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் தரநிலை பெறுவோர் 16-இலிருந்து 32 ஆக உயர்த்தப்பட்டனர். இதனால் முதல் 32 பேரில் எவரும் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. 1985-இல் பெக்கர் உலகின் 20-ஆம் நிலை வீரர். அன்று 16 பேருக்கே தரநிலை என்பதால் அவர் தரநிலையின்றி ஆடினார். அப்படிப்பட்ட ஆபத்தான இளைஞரை முதல் இரண்டு சுற்றுகளில் சந்திக்கும் வாய்ப்பு, இன்றைய சாம்பியனுக்குப் பெரிதும் குறைந்துவிட்டது.

இரண்டாவது, தரைகளும் கருவிகளும். 2001-இல் விம்பிள்டன் முழுவதும் ஒரே வகைப் புல்லுக்கு மாறியது. பந்து முன்பைவிடச் சீராகவும் உயரமாகவும் எழும்பியது. அதே காலத்தில் பாலியெஸ்டர் நரம்புகள் பரவின. அவை பந்துக்கு மிகுந்த சுழற்சி தந்தன. பின்கோட்டில் நின்று ஆடுபவர் எல்லாத் தரைகளிலும் வெல்ல முடிந்தது. முன்பு புல்தரை வல்லுநர், களிமண் வல்லுநர் எனத் தனித்தனியாக இருந்தனர். ஒரு சாம்பியனை அவருக்கு ஒவ்வாத தரையில் வெல்வது எளிதாக இருந்தது. அந்த வழி அடைபட்டது.

மூன்றாவது, உடல் பராமரிப்பு. உடற்பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உணவு வல்லுநர் அடங்கிய குழுவை முன்னணி வீரர்கள் ஆண்டு முழுவதும் உடன் வைத்துக்கொண்டனர். போர்க் 26 வயதில் விலகிய ஆட்டத்தில், 35 வயதைத் தாண்டியும் பட்டம் வெல்வது இயல்பாயிற்று. அத்தகைய குழுவுக்குப் பரிசுத் தொகை வேண்டும். பரிசுத் தொகைக்குத் தரநிலை வேண்டும். தரநிலையைக் காக்கக் குழு வேண்டும். மேலே இருப்பவர் மேலேயே இருக்க இந்தச் சுழல் உதவியது.

நான்காவது, ஐந்து செட் ஆட்டம். மூன்று செட் ஆட்டத்தில் வேகமாக அடித்து ஒரு சாம்பியனை வென்றுவிடலாம். ஐந்து செட்டில் அவர் இரண்டு செட்களை இழந்த பின்பும் எதிராளியைப் படித்து, ஆட்டத்தை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. 2021 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 22 வயது ஸ்டெஃபானோஸ் சிட்சிபாஸ் முதல் இரண்டு செட்களையும் வென்றார். ஜோகோவிச் அடுத்த மூன்றையும் எடுத்துக்கொண்டார். அதிகப் புள்ளிகள் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் இருப்பதால், ஐந்து செட் அனுபவம் நேராகத் தரவரிசையில் பதிந்தது.

இந்நிலையில் ஏடிபி 2017-இல் மிலன் நகரில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான 'நெக்ஸ்ட் ஜென்' இறுதித் தொடரைத் தொடங்கியது. சிட்சிபாஸ் 2018-இலும், யானிக் சின்னர் 2019-இலும், கார்லோஸ் அல்காரஸ் 2021-இலும் அதை வென்றனர்.

சுவரில் விழுந்த விரிசல்

ஆஸ்திரியாவின் டொமினிக் தீம் 2018, 2019 பிரெஞ்சு ஓப்பன் இறுதிகளில் நடாலிடமும், 2020 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஜோகோவிச்சிடமும் தோற்றவர். 2020 அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரும் நடாலும் ஆடவில்லை; ஜோகோவிச், கோபத்தில் அடித்த பந்து கோட்டு நடுவரைத் தாக்கியதால் நான்காம் சுற்றில் தகுதி நீக்கப்பட்டார். இறுதியில் அலெக்சாண்டர் ஸ்வெரேவிடம் முதல் இரண்டு செட்களை இழந்த தீம், ஐந்தாவது செட் டை-பிரேக்கரில் வென்றார். மறு ஆண்டு ஜூனில் அவருடைய மணிக்கட்டு காயமடைந்தது. அதன்பின் பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2024-இல் 31 வயதில் ஓய்வு பெற்றார். கதவு திறந்த நேரமும் அவருடைய உடல் தளர்ந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தன. காத்திருந்த தலைமுறை கொடுத்த விலையை அவருடைய வாழ்வு காட்டுகிறது.

2021 அமெரிக்க ஓப்பன் இறுதியில், அவ்வாண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் வெல்லும் நிலையில் இருந்த ஜோகோவிச்சை டானில் மெத்வெதேவ் நேர் செட்களில் வென்றார். 2022 பிப்ரவரி 28 அன்று மெத்வெதேவ் முதலிடம் பெற்றார். நால்வரின் பதினெட்டு ஆண்டு ஆட்சி முடிந்தது.

அல்காரஸும் சின்னரும்

2021 இறுதியில் ஸ்பெயினின் கார்லோஸ் அல்காரஸ் 32-ஆம் இடத்தில் இருந்தார். 2022 மே மாதம் மாட்ரிட் தொடரில் நடாலையும் ஜோகோவிச்சையும் அடுத்தடுத்த நாள்களில் வென்று பட்டம் பெற்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் காஸ்பர் ரூடைச் சந்தித்தார். வெல்பவருக்கே முதலிடம் என்ற நிலையில் அல்காரஸ் வென்றார். 2022 செப்டம்பர் 12 அன்று, 19 வயதில், ஹெவிட்டின் சாதனையை முறியடித்து மிக இளைய முதல்நிலை வீரர் ஆனார்.

இந்த ஏற்றத்தில் சூழலுக்கும் பங்கு உண்டு. கொரோனா தடுப்பூசி போடாததால் ஜோகோவிச் அவ்வாண்டு ஆஸ்திரேலிய ஓப்பனிலும் அமெரிக்க ஓப்பனிலும் ஆட முடியவில்லை. ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் தடை செய்ததால், அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. அங்கே பட்டம் வென்ற ஜோகோவிச்சுக்குப் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. எனவே முதலிடம் மாறியிருந்தாலும் தலைமுறை மாறியதா என்ற கேள்வி மீதமிருந்தது.

அதற்கான விடை 2023 விம்பிள்டன் இறுதியில் தொடங்கியது. மையத் திடலில் 2013-க்குப் பின் தோல்வியே காணாத ஜோகோவிச்சை, முதல் செட்டை 1-6 என இழந்த அல்காரஸ், ஐந்தாவது செட்டில் 6-4 என வென்றார். இருந்தும் அவ்வாண்டின் மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் ஜோகோவிச்சிடமே சென்றன. ஆண்டிறுதி முதலிடமும் அவருக்கே. 36 வயதில் அவர் அதைச் செய்தார்.

2024-இல் நிலை மாறியது. ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் இத்தாலியின் யானிக் சின்னர் ஜோகோவிச்சை வென்று, பட்டமும் பெற்றார். பிரெஞ்சு ஓப்பனும் விம்பிள்டனும் அல்காரஸுக்கு, அமெரிக்க ஓப்பன் சின்னருக்கு. 2002-க்குப் பிறகு ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூவரில் எவரும் கிராண்ட் ஸ்லாம் வெல்லாத முதல் ஆண்டு அது. ஜூன் 10 அன்று சின்னர், முதலிடத்தை அடைந்த முதல் இத்தாலியர் ஆனார். ஆயினும் ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் 37 வயது ஜோகோவிச் அல்காரஸை இரண்டு டை-பிரேக்கர்களில் வென்று தங்கம் பெற்றார். ஒரு நாள் வெற்றி இளைஞரின் ஆயுதம் என்ற பழைய விதி இங்கே தலைகீழானது. ஓராண்டுக் கணக்கு இளைஞர்களிடம் இருந்தது. ஒரு நாள் மூத்தவருடையதாயிற்று.

2025-இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் சின்னரும் அல்காரஸும் இரண்டிரண்டாகப் பங்கிட்டனர். பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகளிலிருந்து தப்பிய அல்காரஸ், 5 மணி 29 நிமிட ஆட்டத்தில் சின்னரை வென்றார். 38 வயது ஜோகோவிச் அவ்வாண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிகளிலும் ஆடினார். ஒன்றிலும் இறுதிக்குச் செல்லவில்லை.

வரலாறு காட்டுவது

ஐம்பது ஆண்டு வரலாற்றில் சில செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. இளைஞரின் முதல் பெரிய வெற்றியை வைத்து அவர் முதலிடம் பெறும் நாளைக் கணிக்க முடியாது; விலாண்டர், பெக்கர், சாங் மூவரும் இதற்குச் சான்று. தரநிலை பெறுவோர் எண்ணிக்கை, தரையின் வேகம், புள்ளிகளைக் கணக்கிடும் முறை போன்ற விதிகள் எவர் மேலே நீடிப்பார் என்பதைப் பெரிதும் பாதிக்கின்றன. திறமையோடு காலமும் ஒத்துவர வேண்டும். தீமும் டெல் போட்ரோவும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் சுவரை உடைத்த பின் தானே சுவராகிறது. 2025 மியாமி இறுதியில் 19 வயது யாக்கூப் மென்சிக் ஜோகோவிச்சை வென்று, அவருடைய நூறாவது பட்டத்தைத் தள்ளிப்போட்டார். 2006-இல் பிறந்த பிரேசிலின் ஜோவாவ் ஃபொன்சேகா அதே ஆண்டு தம் முதல் ஏடிபி பட்டத்தை வென்றார். இவர்கள் முன்னே இப்போது நிற்பவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் அல்காரஸும் சின்னரும். 1990-களில் பிறந்தவர்கள் தம்மைவிட மூத்தவர்களின் பின்னால் காத்திருந்தார்கள். மென்சிக்கும் ஃபொன்சேகாவும் தம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்களின் பின்னால் நிற்கிறார்கள். 2005-இல் நடால் இருந்த இடம் அதுதான். அங்கிருந்து முதலிடத்துக்கு அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.